புகைக்குழாயில் படியும் கரி
நண்பரே, பெட்ரோல் காரின் புகைக்குழாய்க்குள் விரல் விட்டால் கண்மை போலக் கரி ஒட்டுகிறது, தினமும் 2 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 2 கிலோமீட்டர்தான் முக்கியக் காரணம்; அதற்குள் இன்ஜின் முழுதாகச் சூடேறாது.

உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பிஸ்டன் சூடேறும் முன் அதன் தலையில் ஈரமாகப் படியும் பெட்ரோல், ஆவியாகிக் காற்றோடு கலக்காமலே எரிந்து கரியாகிறது. ஐரோப்பாவில் இவ்வகைக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்கள் என வரம்பு வந்த பிறகே, புகையிலுள்ள கரித் துகள்களைப் பிடித்து நிறுத்தும் துகள் வடிகட்டி பரவலானது. நல்ல வடிகட்டி இருந்தால் குழாய் இவ்வளவு கறுக்காது. உங்கள் காரில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் படிந்த அழுக்கும் கரியைப் பெருக்கும். அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். சிறு வேலைகளைச் சேர்த்து ஒரே பயணமாக முடியுங்கள். முடிந்த நாளில் சைக்கிள் எடுங்கள். உங்கள் தெருவில் வசிக்கும் குழந்தைகளுக்காகவே கேட்கிறேன்.