டாட் காம் பெயருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கேள்வி: வீட்டிலேயே சத்துமாவும் மசாலாப் பொடியும் அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றுவந்தேன். இப்போது உரிமம் எடுத்து, ஒரு பெயரும் வைத்து, ஆன்லைனில் இறங்கப் போகிறோம். ஆனால் அந்தப் பெயரின் டாட் காம் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது. திறந்தால் ‘விற்பனைக்கு’ என்று மட்டும் வருகிறது. விசாரித்ததும் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து 1,80,000 ரூபாய் கேட்டார். பாதியை இன்றே ஜிபேயில் போட்டால் பெயரை மாற்றித் தருகிறாராம். என் கணவரோ, பெயரை முடக்கி வைத்திருப்பவர்மேல் வழக்குப் போடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஈரோடு வாசகி

பதில்: அந்தப் பாதிப் பணத்தை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தவர்தான் உரிமையாளர் என்பதற்கு இதுவரை உங்கள் கையில் ஓர் ஆதாரமும் இல்லை.

நிலம் வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். டொமைனுக்கு, அதாவது இணையதள முகவரிப் பெயருக்கு, அப்படி ஓர் அலுவலகம் இல்லை. இந்தப் பெயர்களை உலக அளவில் மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, என்றைக்குப் பதிவானது, என்றைக்குக் காலாவதி என்பதெல்லாம் தெரியும். வைத்திருப்பவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் மறைத்தே இருக்கும். ஆகவே விற்பவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: நீங்கள் கொடுக்கும் ஏதாவது ஒரு சொல்லை அந்த டொமைனின் டிஎன்எஸ் அமைப்புப் பக்கத்தில் டிஎக்ஸ்டி பதிவாக, அதாவது யாரும் பார்க்கக்கூடிய ஓர் எழுத்துக் குறிப்பாக, சேர்க்கச் சொல்லுங்கள். கணக்கு கையில் இருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. சாக்குப்போக்கு சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து, அந்தப் பெயரின் பழைய கதையைத் தோண்ட வேண்டும். இதில் நான் சூடுபட்டவன். நண்பரின் கடைக்கு ஒரு நல்ல பெயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக்கொடுத்தேன். கடையிலிருந்து போன பில் மெயிலெல்லாம் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது. காரணம் தேடி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அதே பெயரில் முன்பு ஒரு சூதாட்டத் தளம் ஓடியிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. வேபேக் மெஷினில் 1996 முதலான பக்கங்களின் நகல்கள் இருக்கின்றன, காசு கிடையாது. ஸ்பேம் அனுப்பும் பெயர்களைத் தொகுக்கும் ஸ்பேம்ஹாஸ் பட்டியலிலும் கூகுளின் பாதுகாப்புச் சோதனைப் பக்கத்திலும் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

டொமைன் கிடைத்துவிட்டால் பெயர் உங்களுடையது என்று நினைத்துவிடவும் கூடாது. டிரேட்மார்க் வேறு விஷயம். அதில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள்; மாவும் மசாலாவும் 30ஆம் வகுப்பில் வரும். அதே பெயரிலோ, கிட்டத்தட்ட அதே ஒலியிலோ வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறொருவரின் பிராண்டோடு மோதினால் 1,80,000 கொடுத்து வாங்கிய பெயரையும் விட்டுவிட வேண்டிவரும். பெயர் காலியாக இருந்தால் டிரேட்மார்க் விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது, ஆனால் வழக்கு நிற்காது. டாட் காம் தகராறுகளுக்கு யுடிஆர்பி என்ற நடைமுறையும், டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பியும் இருக்கின்றன. யுடிஆர்பியில், உங்கள் பிராண்டைக் குறிவைத்துக் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். நீங்கள் தொழில் தொடங்குமுன்பே பதிவு செய்தவர்மேல் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? இந்தப் புகார்களை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் புகார் கொடுக்கவே 1,500 டாலர் கட்டணம். நிசான் கார் நிறுவனத்தின் கதை தெரிந்திருக்கலாம். அமெரிக்காவில் உஸி நிசான் என்பவர் தன் குடும்பப் பெயரில் 1994இலேயே நிசான் டாட் காமைப் பதிந்துவிட்டார். நிறுவனம் 1999இல் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் நடத்தியும் அந்தப் பெயரை அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

விலைக்கு வருவோம். புதிதாகப் பதிந்தால் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் முடிகிற பொருள் இது. 1,80,000 என்பது அவர் வாயில் வந்த தொகைதான். உங்களால் எவ்வளவு முடியும் என்று வீட்டில் பேசி ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் எழுந்துவிடுங்கள். தொழில் சூடுபிடித்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் விலை ஏறும், ஆகவே கடையைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். முதலீட்டைச் சரக்குக்கும் பாக்கெட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, டாட் இன்னிலோ பெயரோடு ‘ஃபுட்ஸ்’ சேர்த்தோ தொடங்குவதே சரி என்பது என் கருத்து. ஃபேஸ்புக்கே ‘தஃபேஸ்புக்’ என்று தொடங்கி, 2005இல்தான் 2,00,000 டாலர் கொடுத்து இன்றைய பெயரை வாங்கியது. டெஸ்லாவும் 2016 வரை ‘டெஸ்லாமோட்டார்ஸ்’ என்றே ஓடியது.

வாங்கியே தீருவது என்றால் எஸ்க்ரோ வழியாக மட்டும் வாங்குங்கள். பணம் நடுவில் ஒரு நிறுவனத்திடம் நிற்கும். பெயர் உங்கள் கணக்குக்கு வந்ததை நீங்கள் உறுதி செய்த பிறகே அவருக்குப் போகும். எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், போலித் தளங்கள் நிறைய. அவர் வைத்திருக்கும் பதிவு நிறுவனத்திலேயே நீங்களும் கணக்குத் தொடங்கினால், கணக்கிலிருந்து கணக்குக்கு ஒரே நாளில்கூட மாற்றிவிடலாம். அதன்பின் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக 60 நாள் பூட்டு இருக்கலாம், அதனால் பாதகமில்லை. இது கிரயம் இல்லை, குத்தகைதான். ஒரு தடவைக்கு 10 ஆண்டுக்கு மேல் கட்ட முடியாது. பெயர் வந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், வெப்சைட் செய்துதரும் பையன் பெயரில் வேண்டாம்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் டாட் காம் பெயர் அடுத்த மாதம் காலாவதியாகிறது. காத்திருந்து சும்மா எடுத்துவிடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: காலாவதித் தேதியன்றே பெயர் வெளியே வந்துவிடாது. டாட் காமில் உரிமையாளருக்கு 45 நாள் வரை அவகாசம், பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், கடைசியாக அழிப்புக்கு 5 நாள். அதற்குள்ளேயே பல பதிவு நிறுவனங்கள் ஏலத்துக்கு விட்டுவிடும். தப்பி வெளியே வந்தாலும் நல்ல பெயரை இயந்திரங்கள் நொடியில் கொத்திக்கொண்டு போகும். பெயர் வெளியே வந்ததும் உங்களுக்காகப் பிடிக்க முயலும் முன்பதிவான பேக்ஆர்டர் ஒன்று போட்டு வையுங்கள், ஆனால் போர்டும் விசிட்டிங் கார்டும் அந்தப் பெயரில் அடிக்காதீர்கள்.