செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: மினி டிராக்டர் கேள்வி பதில்

பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஸ்டார்ட்டிங் தொல்லைதான் அதிகம். எல்லாமே பழசாக வாங்கிய சின்ன டீசல் டிராக்டர்கள்.

கேள்வி (ஆனேக்கல்): 18 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் வண்டி. டிசம்பர் காலையில் செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் என்ஜின் பிடிப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரே அடியில் எடுக்கிறது. டீசல் பம்பை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளைப் புகை வருகிறது என்றாலே டீசல் சிலிண்டர் வரை போய்விட்டது, எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். பம்பு தன் வேலையைச் செய்கிறது. குறைவது சூடு. (செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லையென்றால்தான் டீசல் வரும் வழியைச் சந்தேகிக்க வேண்டும்.)

இந்த அளவு என்ஜின்கள் பலவற்றில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பாய்வதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பாய்கிறது. காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூட்டை, குளிர்ந்து கிடக்கும் அந்த அறையின் சுவர் உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும், கரன்ட்டில் சூடாகும் ஹீட்டர் பிளக். மூன்றில் இரண்டு செத்திருந்தாலும் மத்தியான வெயிலில் வண்டி எடுக்கும், விடிகாலைக் குளிரில் எடுக்காது. உங்கள் வண்டியின் குணம் அதுதான்.

மல்டிமீட்டர் ஒன்று போதும். மூன்று பிளக்கையும் இணைக்கும் தகட்டில் சிவப்பு முனையையும், என்ஜின் உடம்பில் கறுப்பு முனையையும் வைத்து, சாவியை ஹீட் நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரன்ட் வருகிறது. ஒன்றுமே காட்டவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். டாஷ்போர்டில் சிவக்கும் காயில் உள்ள பழைய மாடல்களில் வோல்ட் குறைவாகத்தான் காட்டும். அது கோளாறு அல்ல.

கரன்ட் வருகிறது என்றால் சாவியை அணைத்துவிட்டு, தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல பிளக் 1 ஓம் பக்கம் காட்டும், 2 ஓமுக்குள் இருந்தால் சரி. மீட்டர் அசையவே இல்லையென்றால் பிளக் போய்விட்டது. விலை குறைந்த மீட்டரின் ஒயரே அரை ஓம் வரை காட்டும். அதனால் முதலில் இரு முனைகளையும் ஒட்டிப் பார்த்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு, என்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது திருப்புங்கள். இறுகியிருந்தால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். பலம் கொடுத்தால் பிளக் உள்ளேயே முறியும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பழைய பிளக்கைக் கையோடு, பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குக் கொண்டுபோய், உடம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் வோல்ட்டையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மரை ஒன்றாக இருந்தும் வோல்ட் மாறியிருக்கலாம். குறைந்த வோல்ட் பிளக்குக்கு முழு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகும். மூன்றையும் ஒன்றாக மாற்றுவது நல்லது, தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள்.

பிறகு குளிரில் 15 முதல் 20 விநாடி ஹீட், கை ஆக்ஸிலேட்டர் பாதி, 10 விநாடிக்கு மிகாமல் செல்ஃப், நடுவில் அரை நிமிடம் ஓய்வு. இதற்கும் மசியவில்லையென்றால் ஏர் கிளீனர், அடுத்து வால்வு இடைவெளி, அதற்கும் அடுத்து கம்ப்ரெஷன். பெட்ரோல் வண்டி கம்ப்ரெஷன் மீட்டர் இதற்கு உதவாது, டீசலுக்கு உள்ளதே வேண்டும்.

கேள்வி (ஹொஸ்கோட்டே): சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும். புது பேட்டரி போட்டும் அப்படியே.

பதில்: பேட்டரி பணம் வீண். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் மிதமிஞ்சி இழுக்கிறது. சத்தம் வந்தும் 12-ஐ விட்டு இறங்கவில்லையென்றால் கரன்ட் மோட்டாரைச் சேரவே இல்லை.

எங்கே நிற்கிறது என்பதைச் சாவி திருப்பிய நிலையிலேயே அளக்கலாம். பேட்டரி பாசிடிவ் முளையிலிருந்து செல்ஃபில் கேபிள் வந்து சேரும் போல்ட் வரை அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. நெகடிவ் முளையிலிருந்து என்ஜின் உடம்பு வரை 0.3-க்கு மேல் கூடாது. கூடினால் அந்தக் கேபிளிலோ இணைப்பிலோதான் அடைப்பு. பழைய வண்டிக்குப் புது பெயின்ட் அடித்து விற்பவர்கள் எர்த் கேபிள் உட்காரும் இடத்தையும் சேர்த்தே அடித்துவிடுகிறார்கள். சுரண்டி வெறும் இரும்பில் பூட்டுங்கள். கேபிள்கள் சரியாக இருந்து, செல்ஃப் தலையில் உள்ள இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே 12 வோல்ட் நின்றால், உள்ளே செம்புத் தகடு கரிந்திருக்கிறது.

'டக்'கூட வராத வண்டியில் கிளட்ச் சுவிட்ச், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) லீவர் சுவிட்ச் இரண்டையும் பாருங்கள்.

ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் போல்ட்டுகளைக் குறுக்கே தொட்டு எடுக்கும் வழக்கம் நம்மூரில் நிறைய. கியரில் இருந்தால் வண்டி அந்த நொடியே நகரும், நிற்பவர் டயருக்கு அடியில் போவார். செய்யவே கூடாது.

கேள்வி (மாலூர்): டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: காற்று புகுந்திருக்கிறது. டேங்க்கை நிரப்பி, டீசல் காக்கைத் திறந்து, ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். கையால் அமுக்கும் பிரைமர் இருந்தால் அமுக்குங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வழிந்ததும் இறுக்குங்கள். அதையே பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் செய்யுங்கள். கடைசியாக நாசில் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க, டீசல் துடித்துத் துடித்து வரும், இறுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் போனால் உடனே ஆஸ்பத்திரிதான்.

மறுநாளும் அதே கதை என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது. ஃபில்டர் மாற்றும்போது பழைய செம்பு வாஷரையே போட்டிருப்பார்கள், புதிது போடுங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு வெளியே சொட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஓரடி தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

இரண்டு நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் ஓடி நிற்கும் வண்டியில் டேங்க் மூடித் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (தேவனஹள்ளி): திராட்சைத் தோட்டத்தில் ரோட்டவேட்டர் ஓட்டி நிறுத்தினால், ஆறும் வரை மறுபடி எடுப்பதில்லை.

பதில்: செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் சூட்டில் செல்ஃப் மோட்டார் இறுகுகிறது, புஷ், கார்பன் பிரஷ் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால், பம்பின் மேல் மட்டும் ஈரத்துணி சுற்றிச் சில நிமிடம் கழித்து அடியுங்கள். உடனே எடுத்தால் பம்பு எலிமென்ட் தேய்ந்திருக்கிறது: சூட்டில் நீர்த்துப்போன டீசல் தேய்ந்த இடைவெளி வழியே நழுவுவதால் அழுத்தம் ஏறுவதில்லை. இங்கே பம்பு கடைக்குப் போவது நியாயம்.

கேள்வி (அல்சூர்): ஏர் கிளீனரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் கூடவே கூடாது. சிவந்த பிளக்கில் ஸ்பிரே நேரம் தப்பி வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் போகலாம்.

கேள்வி (சர்ஜாபூர்): ஓசூரில் பழைய மினி டிராக்டர் பார்க்கப் போகிறேன். ஸ்டார்ட்டிங்கை எப்படிச் சோதிப்பது?

பதில்: விடிகாலையில் போங்கள், நீங்கள் வருவதற்குள் எடுத்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் என்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்று விலை பேசாதீர்கள். எடுத்ததும் வரும் வெள்ளைப் புகை சூடேறியதும் மறைய வேண்டும், ஆயில் ஊற்றும் வாயில் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 தடையில்லாச் சான்றும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் வேண்டும். கடன் இருந்த வண்டியென்றால் கடன் தீர்ந்தது என்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.