சிறந்த ஆசிரியர் விருது: ஃபீட்பேக் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்வு செய்யலாமா?

கேள்வி: எங்கள் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் ஏறத்தாழ 180 ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வரும் செப்டம்பர் 5 அன்று, முதல் முறையாக, ‘கற்பித்தலில் சிறந்தவர்’ விருது வழங்க நிர்வாகம் விரும்புகிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. செமஸ்டர்தோறும் வாங்கும் மாணவர் ஃபீட்பேக்கில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். தேர்ச்சி விழுக்காட்டையும் சேர்க்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். எது முறை? (உள்தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்)

பதில்: ஃபீட்பேக்கைச் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள், தராசாக வேண்டாம். தேர்ச்சி விழுக்காட்டைத் தொடவே வேண்டாம். மூன்று மாதத்தில் இந்த விருதை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. இந்தச் செப்டம்பரில் விதிகளை மட்டும் அறிவித்துவிட்டு, விருதை அடுத்த செப்டம்பருக்குத் தள்ளுங்கள். முதல் ஆண்டில் அவசரப்பட்டுக் கொடுத்த விருதின் மேல் விழும் சந்தேகம், பத்தாவது ஆண்டிலும் ஆசிரியர் ஓய்வறையில் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் ஃபீட்பேக். ஐந்துக்கு எத்தனை என்று 30 பேர் நிரப்பிய படிவத்தில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.9 என்றால், சராசரி தற்செயலாகவே 0.3 வரை மேலும் கீழும் நகரும். அப்படியிருக்க 4.52 வாங்கியவர் முதலிடம், 4.47 வாங்கியவர் நான்காமிடம் என்று பட்டியல் போடுவதில் பொருளே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சார்பு. வட கரோலினாவில் இணையவழி வகுப்பு ஒன்றில் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. அதில் ஓர் ஆண், ஒரு பெண் என இரு ஆசிரியர்கள் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும் மற்றொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். விடைத்தாள்கள் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் திரும்பின. ஆனாலும் ‘தாமதமின்றித் திருப்பித் தந்தார்’ என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55 கிடைத்தது. மொத்தம் 43 மாணவர்கள்தான், சிறிய ஆய்வு. ஆனால் ஏற்கெனவே வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017-இல் வெளியான பகுப்பாய்வும், மாணவர் தரும் மதிப்பீட்டுக்கும் அவர்கள் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றே சொன்னது. கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த நடுவர், பதவி உயர்வுக்குக் கற்பித்தல் திறனை அளக்க இந்தச் சராசரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றார்.

நம் கல்லூரிகளில் இன்னொரு கோணலும் உண்டு. பகுதி 1 தமிழ் எடுப்பவருக்கு முன்னால் 70 பி.காம். மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாடம் சுமை. எம்.எஸ்சி. விருப்பப்பாடம் நடத்துபவரிடம் இருப்பதோ, தேடி வந்த 14 பேர். இருவரின் சராசரியையும் ஒரே பட்டியலில் வைத்தால் தமிழாசிரியரும் துணைப்பாடக் கணிதம் எடுப்பவரும் எந்த ஆண்டும் மேலே வரமாட்டார்கள். படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று கட்டாயப்படுத்தும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். மாணவர் ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்திலும் 5-ஐத் தட்டிவிட்டுப் போகிறார், கோபக்காரர் 1-ஐத் தட்டுகிறார்.

எனவே படிவத்தை வகுப்பு நேரத்திலேயே, இன்டர்னல் மதிப்பெண் வெளியாகும் முன், ஆசிரியர் வெளியே இருக்கும்போது, பெயரும் வரிசை எண்ணும் இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். 60 விழுக்காட்டுக்குக் குறைவானவர்கள் நிரப்பிய வகுப்பை விட்டுவிடுங்கள். 15 பேருக்குக் குறைந்த வகுப்புகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சராசரிக்குப் பதில் எத்தனை பேர் 4, 5 கொடுத்தார்கள், எத்தனை பேர் 1, 2 கொடுத்தார்கள் என்ற பரவலைப் பாருங்கள். ஒரே வகைப் பாடங்களுக்குள் மேல்பாதியில் இருப்பவர் எவரும் பரிந்துரைக்குத் தகுதியுடையவர். எண்ணின் வேலை அங்கே முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

தேர்ச்சி விழுக்காட்டை ஏன் விலக்க வேண்டும்? 100-இல் 25 இன்டர்னல் என்றால் அந்த 25-ஐப் போடுபவர் அதே ஆசிரியர்தான். விருதுக்கு விழுக்காட்டை அளவுகோலாக்கினால் தாராளமாகப் போடுபவர் ஜெயிப்பார், கண்டிப்பானவர் தோற்பார். நல்ல மதிப்பெண்ணோடு சேர்க்கை நடக்கும் துறைக்கும், கடைசிச் சுற்றில் இடம் நிரம்பும் துறைக்கும் வேறுபாடு வேறு இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் உள்ள ஆசிரியர் மதிப்பீட்டுப் பட்டியலும் இங்கே உதவாது. ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தால் ‘நன்று’ என்கிறது அது. வகுப்பு நடந்ததை அது சொல்லும், எப்படி நடந்தது என்று சொல்லாது.

சல்லடையில் தேறியவர்களிடம் கேட்க வேண்டியது ஒரு கோப்பு. ஒரே ஒரு பாடத்தைப் பற்றி, எட்டுப் பக்கத்துக்கு மிகாமல். ‘என் கற்பித்தல் தத்துவம்’ என்ற கட்டுரையைக் கேட்காதீர்கள். ஆளுக்கு ஆள் அதே இரண்டு பக்கம்தான் வரும், மேற்கோள்கள் மட்டும் மாறும். பதிலாக, மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். கணக்கியல் ஆசிரியர் என்றால், தேய்மானத்தில் நேர்க்கோட்டு முறையையும் குறைந்து செல் மதிப்பு முறையையும் மாணவர்கள் குழப்பிக்கொண்டது எந்தத் தேர்வில் தெரிந்தது, அடுத்த முறை பாடத்தின் வரிசையை எப்படி மாற்றினார் என்று எழுதட்டும். மாற்றத்துக்கு முந்தைய வினாத்தாளையும் பிந்தைய வினாத்தாளையும் இணைக்கட்டும்.

கோப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி விடைத்தாள்தான். குறைந்த, நடுத்தர, உயர்ந்த மதிப்பெண் பெற்ற மூன்று இன்டர்னல் விடைத்தாள்களை, மாணவர் பெயரை மறைத்து, நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ‘7/10’ என்று மட்டும் இருக்கிறதா, ‘சூத்திரம் சரி, எஞ்சிய மதிப்பைக் கழிக்க மறந்துவிட்டாய்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறதா? பரிந்துரைக் கடிதங்கள் மறைத்துவிடுவதை அந்த ஓரம் காட்டிக்கொடுக்கும். கோப்பு கேட்கப்போகிறோம் என்பதை இந்தச் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு எல்லாரும் ஓரத்தில் எழுதத் தொடங்கினால் நல்லதுதானே.

வகுப்பறைப் பார்வை செமஸ்டருக்கு ஒரு முறை, முழுப் பாடவேளைக்கு. அந்தத் துறையைச் சேர்ந்தவர் ஒருவர், வேறு துறையினர் ஒருவர் என இருவர் போகட்டும். நாளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், திடீர்ச் சோதனை விரோதத்தைத்தான் வளர்க்கும். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதுவதற்குப் பதில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளை வைத்து, அந்தக் கட்டத்தில் ஆசிரியர் பேசினாரா, எழுதினாரா, மாணவர்கள் கணக்குப் போட்டார்களா, கேள்வி கேட்டார்களா என்று குறியுங்கள். 50 நிமிட வகுப்புக்கு 25 கட்டம். அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் 2013 முதல் புழங்கும் முறை இது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் எண்ணுங்கள். பெரும்பாலோர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே மாணவர் விடைகள் நீள்கின்றன.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்தவர்களில் பத்துப் பேரை, ஆசிரியர் சொல்லும் பட்டியலிலிருந்து அல்லாமல், பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துக் கேளுங்கள். கோப்புக்கு 45, வகுப்பறைக்கு 35, பழைய மாணவருக்கு 20 என்று மதிப்பெண் பிரிக்கலாம்.

குழுவில் ஐவர் போதும்: இருவர் வெளிக்கல்லூரியினர், ஒருவர் பழைய மாணவர், இருவர் உள்ளே இருப்பவர்கள். முதல்வர் வேண்டாம். தன் துறை ஆசிரியரின் கோப்பு வரும்போது துறைத்தலைவர் எழுந்து வெளியே போக வேண்டும். 180 பேருக்கு மூன்று விருது சரியான அளவு. பெரிய பொது வகுப்புகளுக்கு ஒன்று, முதன்மைப் பாடத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று. கௌரவ விரிவுரையாளர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். வகுப்புகளில் பெரும்பகுதியை அவர்கள் சுமக்கும் கல்லூரியில் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் விருது என்றால், அந்த விருது பணி ஆணைக்குத்தான், கற்பித்தலுக்கு இல்லை. ஒருமுறை பெற்றவர் ஐந்து ஆண்டு காத்திருக்கட்டும். தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டு கொடுக்காமல் விட அதிகாரம் வேண்டும். ‘போன வருடம் இயற்பியல், இந்த வருடம் வணிகவியல்’ என்ற முறைவைப்பைத் தடுக்க இதுவே வழி. பணம் கட்டினால் விருது தரும் வெளி அமைப்புகளின் அழைப்பு அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும். அதை உங்கள் கல்லூரி அங்கீகரிக்காது என்பதையும் விதியில் எழுதிவையுங்கள்.

பரிசு விஷயத்தில் ஒரு ஒப்பீடு. மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருது 2023 முதல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் வழங்கப்படுகிறது. சான்றிதழ், 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம். உங்களால் அவ்வளவு முடியாது என்றால் சால்வை, மொமென்டோ, மேடைச் செலவைக் குறைத்து, அந்தத் தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். கல்லூரி தன் ஊழியருக்குத் தரும் ரொக்கம் பொதுவாகச் சம்பள வருமானமாகவே கணக்கில் வரும், தணிக்கையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள். ரொக்கத்தைவிட விலைமதிப்பானது, அடுத்த செமஸ்டரில் வாரம் நான்கு பாடவேளை குறைப்பு.

பாராட்டுரையில் ‘தன்னலமற்ற சேவை’ வேண்டாம். ‘முதலாமாண்டு கணக்கியலில், மாணவர்கள் செய்த தவறான கணக்குகளையே அடுத்த வகுப்பின் பாடமாக்கியதற்காக’ என்று எழுதுங்கள். கேட்கும் 179 பேரில் சிலராவது மறுநாள் அதைச் செய்து பார்ப்பார்கள். தேர்வாகாதவர்களுக்கு அந்த 25 கட்டத் தாளை, பார்வையாளர்களின் குறிப்போடு, மூடிய உறையில் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.