அந்த 256 எங்கிருந்து வந்தது?

கேள்வி: கணினி நிறுவனங்களைக் கிண்டல் செய்யும் துணுக்குகளை வாராவாரம் வெளியிடுகிறீர்கள். படிக்கிறோம், சிரிக்கிறோம், மறந்துவிடுகிறோம். இந்தக் கேலியால் எந்த நிறுவனமாவது திருந்தியிருக்கிறதா? கோடிகளில் புரள்பவர்களுக்கு இது கொசுக்கடி கூட இல்லை. அந்த இடத்தை உருப்படியான விஷயத்துக்கு ஒதுக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: திருந்தியிருக்கிறது. அன்று உலகின் மிகப் பெரிய சிப் நிறுவனமாக இருந்த இன்டெல், 47.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுத் திருந்தியது. அதில் துணுக்குகளுக்கும் பங்கு உண்டு.

உங்கள் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து 4195835-ஐ 3145727-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.3338204 என்று வரும். 1994-இல் இதே கணக்கை, இன்டெல்லின் பென்டியம் சிப் பொருத்திய புத்தம்புதிய கணினியில் போட்டவர்களுக்கு 1.3337390 என்று வந்தது. வந்த விடையை மறுபடியும் 3145727-ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் மிச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பென்டியத்தில் 256 மிஞ்சியது. வகுத்ததைப் பெருக்கிச் சரிபார்ப்பது நாம் நான்காம் வகுப்பில் கற்ற பழக்கம். அந்தச் சோதனையில் இன்டெல் நிறுவனத்தின் பெருமைக்குரிய சிப் தோற்றது.

கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல இரண்டே வித்தியாசமுள்ள பகா எண் ஜோடிகளின்) தலைகீழிகளை, அதாவது 1/11, 1/13 போன்ற பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தவருக்கு விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. முதலில் தன் நிரலைச் சந்தேகித்தார். பிறகு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்க் கடைசியில் சிப்பில் வந்து நின்றார். காரணம் எளிமையானது. வகுத்தலுக்காக அந்தச் சிப்புக்குள் வாய்ப்பாடு போல ஓர் அட்டவணை இருந்தது. மதிப்பு நிரப்ப வேண்டிய 1,066 கட்டங்களில் 5 கட்டங்கள் விடுபட்டிருந்தன. குறிப்பிட்ட சில எண்கள் அந்தக் கட்டங்களைத் தொடும்போது விடை தவறியது.

பிழை இன்டெல்லுக்கு முன்பே தெரியும். அதே ஆண்டின் நடுவில் அவர்களுடைய பொறியாளர்களே கண்டிருந்தார்கள். அடுத்து வரும் சிப்புகளில் திருத்திக்கொண்டால் போதும், வாங்கியவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார்கள். நைஸ்லி இதைப் பற்றிச் சிலருக்கு எழுதிய மின்னஞ்சல் பரவிய பிறகு, சாதாரணப் பயனாளிக்கு இந்தப் பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நேரும் என்றார்கள். மாற்றுச் சிப் வேண்டுமென்றால், தன் வேலைக்கு அது அவசியம் என்று வாங்கியவர் விளக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பழுதான பொருளை விற்றவர்கள், காசு கொடுத்து வாங்கியவரிடம் "உனக்கு எதற்குச் சரியான கணக்கு?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் துணுக்குகள் கிளம்பின. இன்டெல்லின் பழைய சிப்புகளின் பெயர்கள் 286, 386, 486 என்று வரிசையாக வந்தவை. "அடுத்ததற்கு ஏன் 586 என்று பெயர் வைக்காமல் பென்டியம் என்று வைத்தார்கள்?" "486-உடன் 100-ஐ அந்தச் சிப்பிலேயே கூட்டிப் பார்த்தார்கள், 585.99998 என்று வந்தது." இந்தத் துணுக்கைக் கேட்டவருக்குச் சிப்புக்குள் என்ன பிழை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் போய்க் கணினி வாங்க நிற்கும் குடும்பத் தலைவர், தசம எண்ணை மறந்து இருபது ஆண்டுகள் ஆனவர், அவருக்கும் புரிந்தது. அடுத்த கேள்வியைக் கடைக்காரரிடம் அவரே கேட்டார்.

டிசம்பர் 12 அன்று கணினி தயாரிக்கும் ஐபிஎம் நிறுவனம், பென்டியம் பொருத்திய கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. எக்செல் போன்ற விரிதாளில் கணக்குப் போடுபவர்களுக்கு இந்தப் பிழை 24 நாளுக்கு ஒரு முறை நேரக்கூடும் என்றும் சொன்னது. டிசம்பர் 20 அன்று இன்டெல் இறங்கி வந்தது. கேட்டவர்கள் எல்லோருக்கும், காரணம் கேட்காமல், புதிய சிப். துணுக்கு மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. பேராசிரியரின் நேர்மையும் பத்திரிகைகளும் ஐபிஎம்மின் வியாபாரக் கணக்கும் சேர்ந்து செய்தன. ஆனால் பொறியாளர்களுக்குள் முடங்கிக் கிடந்த ஒரு பிழையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அந்தச் சிரிப்பு.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு வகைச் சிரிப்பு உண்டு. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் 98-ஐச் செய்து காட்டினார்கள். மேடையில் ஸ்கேனரைச் செருகியதும் திரை நீலமாகி நின்றுபோனது. அரங்கம் சிரித்துக் கைதட்டியது. அருகில் நின்ற நிறுவனத் தலைவர் பில் கேட்ஸும் சிரித்தார். 'நீலத் திரை' ஒரு நகைச்சுவைப் பொருளாகிவிட்டது. கணினி என்றால் இடையிடையே நிற்கத்தான் செய்யும், அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு தலைமுறை சிரித்துக்கொண்டே பழகியது. அந்தச் சிரிப்பால் நிறுவனத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பழுதைப் பொறுத்துக்கொள்ள அது நமக்குப் பயிற்சி கொடுத்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக் கிளையில் வரிசையில் நின்றேன். "சர்வர் டவுன்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வரிசையில் ஒருவர், "சர்வர் டிபன் சாப்பிடப் போயிருப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். எனக்கு முன்னால் முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்து, பைக்காதை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, "திங்கட்கிழமை வந்தால் இருக்குமா, ஐயா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவருடைய பஸ் காசும் அரை நாளும் எந்தக் கணக்கிலும் ஏறப்போவதில்லை.

2024 ஜூலை 19-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, விண்டோஸ் கணினிகளில் சுமார் 85 லட்சத்தை முடக்கியது. அந்தக் கோப்பு 21 மதிப்புகளைக் கேட்டது, மென்பொருள் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போய்க் கணினி விழுந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் லாஸ் வேகஸில் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் கூடி, ஆண்டின் மாபெரும் சொதப்பலுக்கான கேலி விருதை அந்த நிறுவனத்துக்கு அளித்தார்கள். நிறுவனத் தலைவர்களில் ஒருவரே மேடையேறி வாங்கிக்கொண்டு, ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி தலைமையகத்தில் வைப்பேன் என்றார். ஒளியாமல் வந்து நின்றாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் தன் நஷ்டம் 50 கோடி டாலர் என்று டெல்டா விமான நிறுவனம் சொன்னபோது, ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு சில மில்லியன் டாலருக்கு மேல் போகாது என்று கிரவுட்ஸ்டிரைக்கிடமிருந்து பதில் வந்தது. கோப்பையை வாங்கிக்கொள்வது எளிது, நஷ்டத்தை ஏற்பது கடினம்.

பிரஷர் குக்கர் பழுதாகி வெடித்தால் தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு மட்டும் 'உள்ளது உள்ளபடி தருகிறோம், பழுதுக்குப் பொறுப்பல்ல' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தப்பித்துவந்தார்கள். 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் 1985-இன் பழைய விதியை மாற்றி, மென்பொருளும் ஒரு பொருள்தான், பழுதால் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் தயாரித்தவர் பொறுப்பு என்று எழுதிவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் தங்கள் சட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டும். வீணாய்ப் போன அரை நாளுக்கு அதிலும் இழப்பீடு கிடையாது. இருந்தாலும் நான் வரவேற்கிறேன்.

ஆகவே அந்த இடத்தை விட்டுத்தர மாட்டேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு, கடந்த ஆறு மாதத் துணுக்குகளை எடுத்து வைத்துப் படித்தேன். பெரும்பாலானவை நீலத் திரை வகை. அதை மாற்றுகிறோம். இனி வரும் துணுக்கில் 585.99998 போல ஒன்று இருக்க வேண்டும்: எந்தச் செயலி, எந்தத் தேதி, என்ன விடை வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கிளையில் சர்வர் எத்தனை நாள் படுத்திருந்தது என்று குறித்து வைத்திருந்தால், முதல் துணுக்கை நீங்களே எழுதி அனுப்புங்கள்.