ஆட்டுப் பிரட்டலுக்கு ஷிராஸ் ஏன் ஒத்துவரவில்லை?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பா, அம்மாவின் 40ஆவது திருமண நாளுக்கு வீட்டில் விருந்து வைக்கிறோம். ஒயின் குடிப்பவர்கள் 12 பேர். ஆட்டுப் பிரட்டல், புளி விட்ட மீன் குழம்பு, சம்பல் எல்லாம் உண்டு. போன தீபாவளிக்கு ஈப்போவில் நல்ல விலை கொடுத்து ஆஸ்திரேலிய ஷிராஸ் சிவப்பு ஒயின் வாங்கினோம். கறியோடு குடித்ததும் வாய் எரிந்தது, கசக்கவும் செய்தது. இந்த முறை எதை, எத்தனை போத்தல் வாங்கலாம்?

ஒயின் மேல் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. ஷிராஸ், சிரா இரண்டும் ஒரே திராட்சை. பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளைந்தால் மிளகு வாசம் தூக்கலாக, சற்று இளைத்த ஒயினாக வரும். தென் ஆஸ்திரேலியாவின் பரோசா வெயிலில் பழம் நன்றாகக் கனிந்து சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது, 14.5 சதவீதம் வரைகூடப் போகும். மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டுவதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. கூடவே டானின். பாக்கு மென்றால் நாக்கில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்புதான். காரம்பட்ட வாயில் அது கசப்பாகவே தெரியும்.

ஆகவே போத்தலைக் கையில் எடுத்ததும் முதலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். காரச் சாப்பாட்டுக்கு அந்த எண் சிறிதாக இருப்பதே நல்லது.

உங்கள் விருந்துக்கு முதல் தேர்வு ஜெர்மனியின் மோசல் வட்டாரத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். செங்குத்தான கற்பலகைச் சரிவுகளில், குளிர்ந்த இடத்தில் விளைவதால் புளிப்பு குறையாது. புளிக் குழம்புக்கு எதிரே புளிப்பில்லாத ஒயினை வைத்தால் அது சப்பென்று போய்விடும். லேபிளில் ‘காபினெட்’ என்றிருந்து ஆல்கஹால் 8, 9 சதவீதமாக இருந்தால் சர்க்கரை முழுதும் நொதிக்கவில்லை, இனிப்பு மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்த இனிப்புதான் சம்பலின் எரிச்சலை அடக்கும். ‘ட்ரோக்கன்’ என்று இருந்தால் அது இனிப்பில்லாத வகை, இந்த விருந்துக்கு வேண்டாம்.

ரீஸ்லிங் கிடைக்காவிட்டால் பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்து வெள்ளை ஒயினான கெவுர்ட்ஸ்ட்ராமினர் வாங்கலாம். லைச்சியும் ரோஜாவும் கலந்த வாசம், மசாலாவுக்கு இடம் கொடுக்கும். ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹாலும் கூடுதல். நியூசிலாந்து மார்ல்பரோவின் சாவின்யோன் பிளாங் பொரித்த மீனுக்கு அருமை, சம்பலுக்கு அவ்வளவாக இல்லை.

சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு பிரான்சின் போஜொலே. கமே திராட்சை, டானின் குறைவு. அதை மீன் குழம்போடு மட்டும் கொடுக்காதீர்கள். சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் தகர வாடை அடிக்கும்.

கணக்கு எளிது. 750 மில்லி போத்தலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ். ஆளுக்கு இரண்டு என்றால் 24 கிளாஸ், அதாவது 5 போத்தல். 3 ரீஸ்லிங், 2 போஜொலே போதும்.

அடுத்தது வெயில், நம் ஊரில் பலர் கோட்டை விடும் இடம். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்கச் சொல்வது ஐரோப்பாவின் குளிர்ந்த அறையை வைத்து. நம் வீட்டு 30 பாகையில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். போஜொலேயை 14 பாகை அளவுக்குக் குளிர வைக்க வேண்டும், ஐஸ்பெட்டியில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ரீஸ்லிங்குக்கு 8 பாகை. அவசரமென்றால் வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ் என்றால் கட்டிகளுக்கு இடையே காற்றுதான் இருக்கும், போத்தல் குளிர நேரமாகும்.

ஈப்போவிலிருந்து கொண்டுவரும்போது காரில் விட்டுவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள். மூடிய கார் அடுப்பாகிவிடும். ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும், ருசி காய்ச்சிய ஜாம் போலாகிவிடும். தக்கை விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்பதை எடுக்கவே வேண்டாம்.

மிச்சமானால் சிவப்போ வெள்ளையோ, மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். மூன்று நாளைக்குள் குடித்துவிடலாம். அதற்கு மேல் போனால் சமையலுக்கு.