காலியா விட்டா என்ன வரும்? ஈமேக்ஸ் (லிஸ்ப் மொழியில நாமளே வசதி சேத்துக்கற எடிட்டர்) கேள்வி-பதில்

ரங்கூன்லருந்து ஒரு தம்பி: அண்ணே, பேரு கேக்குற ஃபங்ஷன் எழுதுனேன், குடும்பப் பேரு ஆப்ஷனல். டாக்ஸ்ட்ரிங்ல (ஃபங்ஷனுக்குள்ளயே எழுதுற விளக்கத்துல) "ஆப்ஷனல்"னு போட்டா பத்தாதா?

பத்தாதுப்பா. இங்க பர்மாக்காரங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, நமக்கோ அப்பா பேரு இனிஷியலா முன்னாடி நிக்கும், அதனால பாதி ஆளுங்க அந்தக் கேள்விக்குச் சும்மா எண்டர்தான் தட்டுவாங்க. அப்ப ரீட்-ஸ்ட்ரிங் (ஆள்கிட்ட கேட்டு வாங்குற ஃபங்ஷன்) நில் (ஒண்ணுமில்ல, பொய்க் கணக்கு) குடுக்காது, டிஃபால்ட் எதுவும் நீ வைக்கலைன்னா எழுத்தே இல்லாத காலி ஸ்ட்ரிங்தான் குடுக்கும், லிஸ்ப்ல காலி ஸ்ட்ரிங்கும் உண்மைக் கணக்குலதான் சேரும், "இருந்தா ஒட்டு"ன்னு நீ எழுதுன இஃப் உள்ள போயி பேருக்குப் பின்னாடி ஒரு வெத்து ஸ்பேஸ ஒட்டிட்டு வந்துரும். அதனால டாக்ஸ்ட்ரிங்ல ரெண்டையும் எழுது: கோட்லருந்து கூப்பிட்டு அந்த ஆர்க்யுமெண்ட (ஃபங்ஷனுக்குக் குடுக்குற மதிப்ப) விட்டா நில், ஆள் எண்டர் தட்டுனா காலி ஸ்ட்ரிங்.

மோல்மேன்லருந்து: ரீட்-ஸ்ட்ரிங்ல இனிஷியல்-இன்புட், டிஃபால்ட்-வேல்யூ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. சொந்தக்காரர் கடைக்கு நான் எழுதிக் குடுத்ததுல ஊருக்கு "பெகு"ன்னு இனிஷியல்-இன்புட்டா வச்சேன், கடைப் பையன் அத அழிக்காம அப்படியே அடிச்சு, நோட்டு பூரா "பெகுமோல்மேன்", "பெகுரங்கூன்". இனிஷியல்னா மினிபஃபர்ல (கீழ கேள்வி வர்ற வரியில) எழுத்தாவே வந்து உக்காந்துக்கும், டிஃபால்ட்னா வெறும் எண்டர் தட்டுனா மட்டும் வரும். ஈமேக்ஸ் மேனுவலே இனிஷியல வேணாம்னுதான் சொல்லுது. ஆனா டிஃபால்ட் என்னன்னு ப்ராம்ப்ட்ல (கேள்வி வாசகத்துல) தானா தெரியாது, ஈமேக்ஸ் 28ல வந்த ஃபார்மட்-ப்ராம்ப்ட்ங்கற ஃபங்ஷன் அதச் சேத்துக் காட்டும்.

பெகுலருந்து: பஃபர்ல (எழுதுற பக்கத்துல) தமிழ் அடிக்க முடியுது, கேள்வி வந்தா இங்கிலீஷ்தான் விழுது!

ரீட்-ஸ்ட்ரிங்கோட அஞ்சாவது ஆர்க்யுமெண்டப் பாருங்க, இன்ஹெரிட்-இன்புட்-மெத்தட். அதுக்கு டி (t, "ஆமா"ன்னு அர்த்தம்) குடுத்தா பஃபர்ல இருக்கிற தமிழ் கீபோர்டே மினிபஃபருக்கும் வரும். முதல்ல வர்ற கேள்விக்கும் இதுக்கும் நடுவுல உள்ள மூணுக்கும் வேலை இல்லைன்னாலும் நில், நில், நில்னு போட்டுத்தான் அங்க போய்ச் சேரணும், எண்ணிப் போடுங்க.

அதே ஆளு: டாக்ஸ்ட்ரிங்கத் தமிழ்லயே எழுதலாமா?

தாராளமா. ஆர்க்யுமெண்ட் பேர மட்டும் இங்கிலீஷ் கேப்பிடல்ல விடுங்க, ஹெல்ப்ல அத வச்சுத்தான் எடுத்துக் காட்டும், நம்ம எழுத்துல கேப்பிடல் ஏது? முதல் வரி முழு வாக்கியமா நிக்கட்டும், அப்ரோபோஸ் (பேர வச்சுத் தேடுற கட்டளை) அந்த ஒரு வரியத்தான் காட்டும்.