குறுக்கோட்ட அணியில் சேர 250 ரிங்கிட் எதற்கு?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் இரண்டாம் படிவம். பள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவள். தோழிகள் இரண்டு பேர் பள்ளியின் குறுக்கோட்ட அணியில், அதுதான் புல், சேறு, மேடு பள்ளம் என்று நெடுந்தூரம் ஓடுகிற மெரந்தாஸ் டேசா குழுவில், பேர் கொடுத்ததும் இவளும் சேரவேண்டும் என்று அடம்பிடிக்கிறாளாம். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு 'கோச்' முளைத்து, மாதம் 250 ரிங்கிட், சப்பாத்து 650 ரிங்கிட், இரண்டு வருடத்தில் விளையாட்டுப் பள்ளியில் இடம் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார். பழக்கமே இல்லாத பிள்ளையை அனுப்பலாமா, கடைசியாக வந்து அழுதுகொண்டு நிற்பாளோ, இந்தப் பணத்தைக் கட்டத்தான் வேண்டுமா என்பது கேள்வி. பாட்டி வேறு, வெயிலில் ஓடினால் பிள்ளை கறுத்துவிடும் என்கிறாராம்.

அம்மா, பிள்ளையை அனுப்புங்கள், பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் அந்தக் கோச் விவகாரத்தை முடித்துவிடுவோம், எனக்கு அதில்தான் எரிச்சல். குறுக்கோட்டத்தில் ஒரு பிள்ளை மேலே போகும் வழி ஒன்றுதான். பள்ளிப் போட்டி, அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம், அதற்கும் மேலே எம்எஸ்எஸ்எம் எனப்படும் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசிய அளவு. உங்கள் பக்கத்துப் பள்ளிகள் தீமோர் லாவுட் மாவட்டத்தில் வரும். அந்த மாவட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்புவது பள்ளி. பள்ளி அனுப்பாத பிள்ளையை வெளியாள் யாரும், அவர் எத்தனை மெடல் படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருந்தாலும், அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. விளையாட்டுப் பள்ளியும் அப்படித்தான். புக்கிட் ஜாலில் பள்ளியோ ஜொகூரிலிருக்கும் பண்டார் பெனாவார் பள்ளியோ, அரசாங்கப் பள்ளி. பிள்ளையை ஓட விட்டு, அளந்து பார்த்து எடுப்பது அரசாங்கத்தின் வேலை. நடுவில் ஒருவர் 'நான் பேசி வாங்கித் தருகிறேன்' என்றால் அவர் விற்பது அவர் கையில் இல்லாத சரக்கு. நல்ல பயிற்சியாளர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓடியே பார்க்காத பிள்ளையைப் பற்றி இரண்டு வருடக் கணக்குப் பேச மாட்டார்கள்.

இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. காசு கட்டினால் வீட்டைச் சுற்றி ஓடியதற்கே மெடலும் சான்றிதழும் தபாலில் வரும் 'விர்ச்சுவல் ரன்'. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு, அதாவது விளையாட்டு, கழகம் போன்றவற்றுக்கு, பத்து விழுக்காடு இருப்பது உண்மைதான், அதைச் சொல்லித்தான் பெற்றோரைப் பிடிக்கிறார்கள். பணம் கட்டுமுன் பள்ளியின் புறப்பாட ஆசிரியரிடம் 'இதற்குப் புள்ளி உண்டா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாம் படிவத்துப் பிள்ளைக்கு அந்தக் கவலையே வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். மகளிடம் முதல் நாளே ஆசிரியரிடம் போய் 'நான் புதுசு, இதுவரை ஓடியதில்லை' என்று சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் வருடம் ஓடுகிற அக்காமாரோடு சேர்த்து ஓட விடுவார்கள். இவளும் மானத்துக்காக ஓடி, ஒரு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி என்று உட்கார்ந்துவிடுவாள். புதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது அந்த வலிதான். நெஞ்சும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும், இந்த வித்தியாசத்தில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். அதனால் ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது விட்டு. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி இருபது இருபத்தைந்து நிமிடம். வாரம் போகப் போக ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைக்கலாம். வேகத்துக்கு வாட்ச் ஒன்றும் வாங்கவேண்டாம். ஓடும்போதே பக்கத்தில் வருகிற தோழியிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்த வேகம் சரி, வார்த்தை உடைந்து உடைந்து வந்தால் குறைக்கவேண்டும்.

எங்கே ஓடுவது? பள்ளித் திடலே போதும். சனிக்கிழமை கூட்டிப்போக முடிந்தால் தாமான் பெலியா, இல்லையென்றால் தாவரவியல் பூங்கா. பூங்காவில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். ஆனால் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறுகிற ஜீப் ரோட்டில் முதல் மாதம் ஓட விடாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் போல செங்குத்தான ஏற்றம். ஏறுவதைக்கூட நடந்து சமாளிக்கலாம், இறக்கத்தில் ஓடி வருவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். புதுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் படமெடுத்துப் போடுவதைப் பயிற்சி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

இதையெல்லாம் பள்ளியே சொல்லித்தர வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்று 2011இல் கொள்கையே கொண்டுவந்தார்கள். நடைமுறையில் சோதனை நெருங்கினால் உடற்கல்வி நேரம் கணக்குப் பாடமாகிவிடுகிறது. போட்டித் தேதி தெரிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கும், அதுவும் இரண்டு வாரம், போட்டி முடிந்த மறுநாள் அணி கலைந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு நாற்பது பாரம் நிரப்ப இருக்கிறது. ஆகவே பள்ளி கூப்பிடும் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

யாருக்கும் ஓட்டம் ஆகாது என்று நான் சொல்வதில்லை, இதயக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் ஒன்றைத் தவிர. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்த பிள்ளை. ஓடி முடித்து நின்ற பிறகு தலைசுற்றி உட்கார்வது வேறு, அது சாப்பிடாமல் வந்ததாலோ வெயிலாலோ இருக்கலாம். நான் சொல்வது ஓட்டத்தின் நடுவில் சட்டென்று நினைவு தப்பி விழுவது. அதேபோல ஓடும்போது நெஞ்சில் வலி வந்தாலும், குடும்பத்தில், அப்பா பக்கமோ அம்மா பக்கமோ, நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தாலும் கணக்கில் எடுக்கவேண்டும். 'மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று நம் வீடுகளில் சொல்லிவிட்டு விட்டுவிடுவோம், அது இதயக் கோளாறாக இருந்திருக்கலாம், சில கோளாறுகள் பரம்பரையாக வருபவை. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லி இசிஜி எடுக்கக் கேளுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான். தேவையென்றால் அவர்களே பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டம் வேண்டாம், ஆசிரியர் கேட்டாலும் வேண்டாம், 'பேர் கொடுத்தாச்சே' என்றாலும் வேண்டாம். பள்ளி தருகிற அனுமதி பாரத்தில் 'நலமாக இருக்கிறார்' என்ற இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோமே, அங்கே இதை எழுதிக் கொடுங்கள்.

சப்பாத்துக்கு 650 ரிங்கிட் அநியாயம். நடுவில் கார்பன் தகடு வைத்தது என்று சொல்லியிருப்பார், அது தார் ரோட்டில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு. புல்லும் சேறும் மேடும் பள்ளமுமான தடத்தில் உயரமான, விறைப்பான அடிப்பாகம் கணுக்காலைப் புரட்டிவிடும். சாதாரண ஓட்டச் சப்பாத்து 150 ரிங்கிட்டுக்குள்ளேயே கிடைக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பள்ளிக்குப் போடுகிற கேன்வாஸ் சப்பாத்தில் தினமும் பயிற்சி வேண்டாம். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பிராண்டு பெயர் போட்டு விற்பதும் வேண்டாம். பவுடர், எனர்ஜி டிரிங்க் எதுவும் தேவையில்லை. அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

கடைசியாக வருவாளோ என்ற பயத்துக்கு வருகிறேன். வரலாம். ஆனால் பல பள்ளிகளில் குறித்த நேரத்துக்குள் முடித்தாலே ரூமா சுக்கானுக்கு, அதாவது இவளுடைய விளையாட்டு இல்லத்துக்கு, புள்ளி உண்டு. அணிப் போட்டி என்றால் முன்னால் வருகிற சிலரின் இடங்களைக் கூட்டி, குறைந்த கூட்டல் யாருக்கோ அவர்களுக்கே வெற்றி. ஒரே ஒரு சூரப்புலியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி ஜெயிக்க முடியாது, நடுவில் வருகிற சாதாரணப் பிள்ளைகளும் தேவை. செக்பாயிண்டில் தருகிற ரப்பர் வளையத்தை வாங்காமல் குறுக்கு வழியில் மட்டும் போகவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பிடிபட்டால் கணக்கில் வராது.

பாட்டிக்குச் சொல்லுங்கள், பிள்ளை மாலை ஐந்தரைக்கு மேல்தான் ஓடும், தொப்பியும் போட்டுக்கொள்ளும். இடி கேட்டால் திடலை விட்டு வந்துவிடவேண்டும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் திரும்பப் போகக்கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு விடுமுறை. அந்தக் கோச்சுக்கு நீங்கள் பதில் எழுதவேண்டிய அவசியமில்லை.